வண்டி ராத்திரி எங்கே நிற்கும்?

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். புதுச்சேரி நெல்லித்தோப்பில் வாடகைக் கட்டடத்தில் பெயின்ட், ஹார்டுவேர் கடை நடத்துகிறேன். ஜிஎஸ்டி பதிவும் புதுச்சேரியில்தான். தினமும் காலையில் பைக்கில் போய் ராத்திரி திரும்பிவிடுவேன். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அதற்காகவே முதன்முறையாகக் கார் வாங்கப் போகிறோம். பார்த்து வைத்திருக்கும் கார் 10,40,000 ரூபாய். அதே மாடலில் ஒரு படி கீழே உள்ளது 9,70,000. சன்ரூஃப், அலாய் வீல் இரண்டும் அதில் இல்லை. மேல் மாடலைத் தமிழ்நாட்டில் பதிவு செய்தால் வரியே 1,87,000 ரூபாய் வருகிறது. புதுச்சேரியில் பதிவு செய்தால் ஒன்றரை லட்சம் மிச்சம் என்கிறார் அங்கே உள்ள ஷோரூம்காரர். “கடை முகவரியே போதும். அது சரிவராவிட்டால் லாஸ்பேட்டையில் உங்கள் மைத்துனர் வீட்டில் வாடகைக்கு இருப்பதாக ஓர் அக்ரிமென்ட் நாங்களே போட்டுத் தருகிறோம். பன்னிரண்டு மாதம் வரை எந்த மாநில வண்டியும் எங்கேயும் ஓடலாம். நடுவில் ஒரு தடவை பாண்டியில் பெட்ரோல் போட்டு பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். எங்கள் தெருவிலேயே நாலைந்து பிஒய் (புதுச்சேரிப் பதிவு) வண்டிகள் நிற்கின்றன. இது சரிதானா? இன்னொன்று. என் மனைவியின் ஸ்கூட்டர் கர்நாடகப் பதிவு. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்தபோது 2022-இல் வாங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு அதை இங்கே கொண்டுவந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதற்கு என்ன செய்ய வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

தம்பி,

அம்மா நல்லபடியாக இருக்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்து தள்ளாடி வருகிறவர்களை ஆட்டோவில் உட்கார வைத்துக் கூட்டிவருவது எத்தனை சிரமம் என்று எனக்குத் தெரியும். என் அண்ணனை அப்படித்தான் வருடக்கணக்கில் அழைத்துப் போய் வந்தோம். இந்தக் கார் உங்கள் வீட்டுக்கு அவசியம். வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிச் செலவு இருக்கிற வீட்டில் ஒன்றரை லட்சம் பெரிய பணம் என்பதும் புரிகிறது. இரண்டையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன விவரப்படி, காரைத் தமிழ்நாட்டில்தான் பதிவு செய்ய வேண்டும். கடை முகவரி உங்களுக்கு உதவாது. மைத்துனர் வீட்டு அக்ரிமென்ட் பக்கமே போகாதீர்கள். ஆனால் அந்த ஒன்றரை லட்சத்தில் பெரும்பகுதியை நேர்வழியிலேயே மிச்சம் பிடிக்கலாம். உங்கள் கடிதத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு ஒரே வாக்கியம்தான். வண்டி வழக்கமாக எங்கே வைக்கப்படுகிறதோ, அந்தக் குடியிருப்போ தொழிலிடமோ எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கே உரிமையாளர் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஷோரூம்காரர் உங்களிடம் ‘குடியிருப்போ தொழிலிடமோ’ என்பதை மட்டும் எடுத்துச் சொல்லியிருக்கிறார். ‘வண்டி வழக்கமாக வைக்கப்படும்’ என்ற பாதியை விட்டுவிட்டார். அந்தப் பாதிதான் உங்கள் விஷயத்தைத் தீர்மானிக்கிறது.

நான் மோட்டார் வாகன ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் தெரியும். புது வண்டி பதிவுக்கு வந்தால் வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரை விண்ணப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன், முகவரிச் சான்றைப் பார்ப்பேன். அப்புறம் பேச்சோடு பேச்சாக ஒரு கேள்வி கேட்பேன்: “வண்டி ராத்திரி எங்கே நிற்கும்?” இந்தக் கேள்விக்கு யாருக்கும் பொய் சொல்லத் தோன்றாது. “நம்ம வீட்டு வாசல்லதான் சார்” என்பார்கள். “பையன் ஓசூர்ல இருக்கான் சார், அவன்கிட்டதான் நிக்கும்” என்பார்கள். எந்த ஊர் என்று அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

உங்களையும் அதையே கேட்கிறேன். கடைக்கு பைக்கில் போகிறீர்கள். கார் வாங்குவது அம்மாவுக்காக. அம்மா இருப்பது மஞ்சக்குப்பத்தில். கார் ராத்திரியும் பகலும் மஞ்சக்குப்பத்தில்தான் நிற்கப்போகிறது. நெல்லித்தோப்பில் கடை இருப்பது முழு உண்மை, ஜிஎஸ்டி சான்றிதழ் அதற்கு நல்ல ஆதாரம். ஆனால் அந்த உண்மைக்கும் இந்தக் காருக்கும் சம்பந்தம் இல்லை.

இதே கடைக்காக, பெயின்ட் டின்களை டெலிவரி கொடுக்க ஒரு சின்ன லோடு வண்டி வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது கடை வாசலில் நிற்கும், கடைச் சரக்கை ஏற்றும், கடைக் கணக்கில் டீசல் போடும். அதை புதுச்சேரியில் பதிவு செய்வதில் தவறே இல்லை, அங்கேதான் பதிவு செய்ய வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் தேவையில்லை. ஆள் ஒருவர், கடை ஒன்று, ஆனால் இரண்டு வண்டிகள் இரண்டு மாநிலப் பதிவில் இருப்பது சட்டப்படி சரி. வண்டிக்கு வண்டி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

2019-இல் இந்த 40-ஆவது பிரிவைத் திருத்தினார்கள். அதற்கு முன், உங்கள் பகுதிக்குரிய ஆர்டிஓ அலுவலகத்தில்தான் பதிவு செய்ய முடியும். இப்போது மாநிலத்துக்குள் எந்தப் பதிவு அதிகாரியிடம் வேண்டுமானாலும் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. மாவட்ட எல்லையைத் தளர்த்தியவர்கள் மாநில எல்லையைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். காரணம் வரி. பதிவெண் கொடுப்பது மத்தியச் சட்டத்தின் கீழ் நடந்தாலும், அரசியலமைப்புச் சட்டம் வாகன வரியை மாநிலங்களிடம் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டப்படி விகிதம் வைக்கிறது. விகிதங்கள் இவ்வளவு வேறுபடும் இடத்தில், வண்டி நிற்கும் இடத்துக்கு வரி என்ற கட்டுப்பாடு இல்லாவிட்டால், நாட்டில் உள்ள கார்கள் எல்லாம் வரி குறைந்த நாலு ஊர்களில் பதிவாகிவிடும். ‘புதுச்சேரி யூனியன் பிரதேசம்தானே, மாநிலம் இல்லையே’ என்று சிலர் கேட்பார்கள். பொது விதிகள் சட்டத்தின்படி ‘மாநிலம்’ என்ற சொல்லில் யூனியன் பிரதேசமும் அடக்கம்.

உங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது வினோதமாகத் தோன்றுவதிலும் நியாயம் இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் கிளம்பி பெண்ணையாற்றைத் தாண்டி முள்ளோடை வரை தமிழ்நாடு, அடுத்த அடி புதுச்சேரி. வடக்கே போனால் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, ஒட்டினாற்போல் முத்தியால்பேட்டை புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்த துண்டு துண்டான நிலங்கள் 1954-இல் அப்படியே நம்மிடம் வந்து சேர்ந்தன, எல்லையும் துண்டு துண்டாகவே நின்றுவிட்டது. கல்யாணம், கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதற்கும் அந்த எல்லையைப் பார்க்காமல் வாழ்கிற ஜனங்களிடம், காருக்கு மட்டும் எல்லை பார் என்றால் உறுத்தத்தான் செய்யும். இருந்தாலும் அப்படித்தான் பார்த்தாக வேண்டும்.

சரி, அந்த அக்ரிமென்ட். லாஸ்பேட்டை வீட்டில் நீங்கள் குடியிருக்கவில்லை. குடியிருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை ஓர் அரசு அலுவலகத்தில் கொடுத்து, ஆர்.சி. வாங்குவது பொய் ஆவணம் கொடுத்துப் பதிவு பெறுவதாகும். 55-ஆவது பிரிவின்படி, பொய்யான ஆவணத்தின் பேரில் பதிவு வாங்கியது தெரியவந்தால், உங்களிடம் விளக்கம் கேட்டுவிட்டு ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும். 2019 திருத்தம் 192-பி என்ற பிரிவையும் சேர்த்திருக்கிறது. பொய்யான ஆவணம் காட்டி ஆர்.சி. வாங்கும் உரிமையாளருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அதோடு ஆயுட்கால வரியில் (பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் வரி) மூன்றில் இரண்டு பங்கு, அல்லது ஓராண்டு வரியின் பத்து மடங்கு, இதில் எது அதிகமோ அது அபராதம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கவனியுங்கள், தண்டனை உரிமையாளருக்கு. அக்ரிமென்ட் தயார் செய்து கொடுத்த ஷோரூம் பையன் அன்றைக்கு வேறு கம்பெனியில் இருப்பான். கையெழுத்து உங்களுடையது, வீடு உங்கள் மைத்துனருடையது. விசாரணை என்று வந்தால் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

இது வெறும் மிரட்டல் இல்லை. 2017-இல் கேரளத்தில், புதுச்சேரி முகவரி காட்டிப் பதிவு செய்த சொகுசு கார்களைக் குற்றப்பிரிவு போலீஸ் எடுத்து விசாரித்தது. சினிமாக்காரர்கள், அரசியல்வாதிகள் என்று பெரிய பெயர்கள் அடிபட்டன, வழக்குகள் நீதிமன்றம் வரை போயின. ஒரு காரின் ஆர்.சி.யில் இருந்த முகவரியில் உண்மையில் குடியிருந்தவருக்கு அந்தக் காரைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று அப்போது செய்தி வந்தது. நல்ல வக்கீல் வைத்துக்கொள்ள முடிந்தவர்களே வருடக்கணக்கில் அலைந்தார்கள். 2024 ஜூனில் நாகாலாந்து, புதுச்சேரி போன்ற வெளிமாநிலப் பதிவெண்ணோடு இங்கே ஓடிய ஆம்னி பஸ்களைத் தமிழ்நாடு அரசு நிறுத்தச் சொன்னதும் நினைவிருக்கும். அது பெர்மிட் சம்பந்தப்பட்ட வேறு விவகாரம்தான், ஆனாலும் எங்கோ பதிவு செய்து இங்கே ஓட்டுவதைக் கண்டும் காணாமல் விடும் காலம் போய்விட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

சிறையும் அபராதமும் ஒருபக்கம் இருக்கட்டும். பணியில் இருந்தபோது நான் அதிகம் பார்த்த கஷ்டம் வேறு. ஆர்.சி.யில் இருக்கிற முகவரிக்குத்தான் எல்லாக் காகிதமும் போகும். அபராத நோட்டீஸ், நீதிமன்ற சம்மன், விபத்து வழக்கில் தீர்ப்பாயம் அனுப்பும் அறிவிப்பு, எல்லாமே. ஒரு தடவை ஒரு பெரியவர் என் மேஜைக்கு முன்னால் ஒரு பழுப்பு உறையை வைத்தார். விபத்து இழப்பீட்டு வழக்கு. நோட்டீஸ் ஆர்.சி. முகவரிக்குப் போய், ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று தபால்காரர் எழுதித் திரும்பியிருந்தது. இவர் ஆஜராகாமலே வழக்கு நடந்து, இவருக்கு எதிராகத் தீர்ப்பும் வந்து, அதன் பிறகுதான் இவருக்கே தெரிய வந்திருக்கிறது. அவர் காட்டிய முகவரி ஒரு நண்பருடைய பழைய அறை. உறையின் மேல் தபால்காரர் நீல மையில் எழுதியிருந்த அந்த வரியை அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வரியில் மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று கேட்டேன். அவருக்கு ஞாபகம் இல்லை.

கார் லோன் போடுவீர்கள் என்றால் இன்னொரு சிக்கலும் வரும். வங்கிக் காகிதத்தில் கடலூர் முகவரி, ஆதாரில் கடலூர், இன்ஷூரன்ஸில் லாஸ்பேட்டை, ஆர்.சி.யில் லாஸ்பேட்டை. லோன் முடிந்து ஆர்.சி.யில் உள்ள ஹைப்போதிகேஷனை (வங்கிக் கடன் குறிப்பு) நீக்கும்போதும், வண்டியை விற்கும்போதும், க்ளெய்ம் போடும்போதும் இந்த முரண்பாட்டை யாராவது ஒருவர் சுட்டிக்காட்டுவார். ஒவ்வொரு முறையும் பழைய பொய்யைக் காப்பாற்றப் புதிதாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்து அந்தப் பன்னிரண்டு மாதக் கதை. கடலூர், விழுப்புரம் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். 47-ஆவது பிரிவில் பன்னிரண்டு மாதம் என்று இருப்பது உண்மை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால், அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. உங்கள் மனைவியின் ஸ்கூட்டருக்கு அது அப்படியே பொருந்தும். பெங்களூரில் உண்மையாகவே இருந்த வண்டி, உண்மையாகவே இடம் மாறி வந்தது. உங்கள் காருக்கு அது பொருந்தாது. ஒரு நாள்கூடப் புதுச்சேரியில் வைக்கப்படாத வண்டி அங்கிருந்து ‘மாறி’ வர முடியாது. பதிவு செய்த நாளிலேயே 40-ஆவது பிரிவுக்கு விரோதமான பதிவு அது. பெட்ரோல் பில், டோல் ரசீது எல்லாம் வண்டி மாநிலம் விட்டு மாநிலம் போய் வருகிறது என்று காட்டத்தான் உதவும். முதல் நாள் கொடுத்த முகவரியை உண்மையாக்க உதவாது.

உங்கள் தெருவில் நிற்கும் பிஒய் வண்டிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவர்களில் ஒருவர் புதுச்சேரியில் வீடு வைத்திருக்கலாம். ஒருவர் போன மாதம்தான் குடி வந்திருக்கலாம். உங்கள் மைத்துனரே தன் பிஒய் காரில் தினமும் கடலூர் வந்து போனாலும் யாரும் கேட்க முடியாது, அவருடைய வண்டி ராத்திரி லாஸ்பேட்டைக்குப் போய்விடுகிறது. வெளியே நின்று நம்பர் பிளேட்டைப் பார்த்து இதையெல்லாம் சொல்ல முடியாது.

இனி பணம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுட்கால வரியை உயர்த்தினார்கள். காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வருமான வரி போல, தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். 10 லட்சத்தைத் தாண்டிவிட்டால் மொத்த விலைக்குமே 18 சதவீதம். உங்கள் 10,40,000 ரூபாய் காருக்கு வரி 1,87,200. நீங்களே எழுதியிருக்கும் 9,70,000 ரூபாய் காருக்கு 13 சதவீதக் கணக்கில் 1,26,100. வரியில் 61,100 ரூபாய் வித்தியாசம், வண்டி விலையில் 70,000. இரண்டும் சேர்ந்து 1,31,100 ரூபாய். விலை குறைந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸும் சற்றுக் குறையும். ஷோரூம்காரர் பொய் முகவரியில் காட்டிய ஒன்றரை லட்சத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம். விட்டுக்கொடுப்பது சன்ரூஃபும் அலாய் வீலும். அம்மாவை ஏற்றி இறக்க அவை இரண்டும் எதற்கு? பின் கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, இருக்கை உயரம் அவர்கள் குனியாமல் உட்கார வசதியாக இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒரு நாள் அம்மாவையே ஷோரூமுக்கு அழைத்துப் போய் உட்கார வைத்துப் பாருங்கள். பில் போடுவதற்கு முன்னால் அன்றைய வரி விகிதத்தையும், எந்த விலைக்கு வரி கணக்கிடுகிறார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லைக் கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது சில ஆயிரம் ரூபாய் இங்குமங்கும் ஆனால்கூடக் கணக்கு மாறிவிடும்.

புதுச்சேரி ஷோரூமில் வண்டி விலையோ சர்வீஸோ உங்களுக்குப் பிடித்திருந்தால் அங்கேயே வாங்குங்கள், அதற்குத் தடையில்லை. வாங்கும் ஊரும் பதிவு செய்யும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. டீலர் தன் மாநிலத்தில் பதிவாகும் புது வண்டிக்குத்தான் தானே விண்ணப்பிப்பார். உங்களுக்கு அவர் தற்காலிகப் பதிவோடு வண்டியைக் கொடுப்பார், நீங்கள் கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, வரி கட்டி, டிஎன் 31 நம்பர் வாங்கிக்கொள்ளலாம். ஒரு நாள் அலைச்சல் கூடும், அவ்வளவுதான். கடலூரிலேயே வாங்கினால் அந்த அலைச்சலும் இல்லை.

பிஎச் சீரிஸ் என்ற நாடு முழுவதற்குமான பதிவெண் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களிடம் சொல்வார்கள். 2021-இல் வந்த ஏற்பாடு அது. அரசு ஊழியர்கள், ராணுவத்தினர், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் உள்ள தனியார் கம்பெனி ஊழியர்கள் ஆகியோருக்கானது. இரண்டிரண்டு ஆண்டாக வரி கட்டலாம், ஊர் மாறினால் நம்பர் மாற்ற வேண்டாம். கடைக்காரரான உங்களுக்குத் தகுதி இல்லை. மனைவி இப்போதும் கம்பெனி வேலையில் இருந்தால், அந்தக் கம்பெனிக்கு அப்படி அலுவலகங்கள் இருந்து, படிவம் 60-இல் சான்று கொடுத்தால் அவர் பெயரில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அது ஊர் ஊராக மாற்றலாகிப் போகிறவர்களுக்காக வந்த திட்டம். கடலூரிலேயே இருக்கப்போகும் குடும்பத்துக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இப்போது ஸ்கூட்டர். இதைத் தள்ளிப் போடாதீர்கள், பதினான்கு மாதம் ஆகிவிட்டது. சட்டத்தில் இரண்டு கெடுக்கள் இருக்கின்றன, பலர் அவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆர்.சி.யில் உள்ள முகவரியை விட்டுக் குடி மாறினால் முப்பது நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும், இது 49-ஆவது பிரிவு. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டினால் நம்பரையே மாற்ற வேண்டும், இது 47. உங்கள் மனைவிக்கு இரண்டு கெடுவும் தாண்டிவிட்டன. பயப்படும்படி ஒன்றும் இல்லை, தாமதத்துக்குச் சிறிய தொகை கட்டச் சொல்வார்கள்.

முதல் வேலை கர்நாடகத்திலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்குவது. வண்டி எந்த ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதோ அங்கே படிவம் 28. மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கலாம். அதற்கு முன் அந்த வண்டி நம்பரைப் போட்டு அபராதம் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெங்களூரில் சிக்னல் சிக்னலுக்குக் கேமரா, ஓட்டியவருக்கே தெரியாமல் இரண்டு மூன்று அபராதம் விழுந்திருக்கும். அதைக் கட்டாமல் என்ஓசி நகராது. இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். லோன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் வேண்டும். சேஸிஸ் நம்பரின் பென்சில் பிரின்ட் கேட்பார்கள். நம்பர் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாகத் தேயுங்கள். கூர்முனையால் அழுத்தினால் தாள் கிழியும், 3-உம் 8-உம் ஒன்றுபோல் விழும். இரண்டு மூன்று பிரதியாகவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடலூரிலும் கேட்பார்கள்.

படிவத்தில் எந்த அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோகிறீர்கள் என்று ஓர் இடம் இருக்கும். அதில் கடலூர் என்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கடை முகவரியைப் பார்த்து யாராவது புதுச்சேரி என்று போட்டுவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். விண்ணப்பம் கொடுத்ததற்கு ரசீது கட்டாயம் வாங்குங்கள். முப்பது நாளுக்குள் அவர்கள் மறுத்து ஒரு வார்த்தையும் சொல்லாவிட்டால், என்ஓசி கொடுத்ததாகவே கருத வேண்டும் என்று 48-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ரசீதையும், எனக்கு மறுப்பு எதுவும் வரவில்லை என்ற உறுதிமொழியையும் வைத்துக்கொண்டே புதுப் பதிவெண்ணுக்கு விண்ணப்பிக்க சட்டம் இடம் தருகிறது. நடைமுறையில் கவுன்டரில் என்ஓசியையே கேட்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் ரசீது கையில் இருந்தால் நீங்கள் பணிவாக அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டலாம். ரசீது இல்லாதவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

என்ஓசி வந்ததும் கடலூரில் புதுப் பதிவெண்ணுக்குப் படிவம் 27, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 33. வண்டியை நேரில் காட்ட வேண்டும். வரி புது வண்டிக்குரிய அளவு இருக்காது, வயதுக்கு ஏற்றபடி குறைத்துத்தான் போடுவார்கள். டிஎன் நம்பர் கிடைத்த பிறகு, புது ஆர்.சி. நகலை வைத்து, கர்நாடகத்தில் கட்டிய ஆயுட்கால வரியில் மீதி ஆண்டுகளுக்கானதைத் திருப்பிக் கேட்டு அங்கே விண்ணப்பியுங்கள். ஸ்கூட்டருக்குப் பெரிய தொகை வராது. பலர் அதற்காக யார் பெங்களூரு போவது என்று விட்டுவிடுகிறார்கள். நான் விட வேண்டாம் என்பேன், கட்டிய பணம் உங்களுடையது. மனைவி ஏதாவது வேலையாகப் பெங்களூரு போகும்போது அந்தக் காகிதங்களைக் கையோடு கொண்டுபோகட்டும்.

ஆர்.சி. அவர் பெயரில், கல்யாணத்துக்கு முந்தைய முகவரியில் இருக்கும். ஆதாரில் கடலூர் முகவரி மாற்றியாகிவிட்டதா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்துவிட்டு, அப்புறம் என்ஓசிக்குப் போடுங்கள்.